சர்க்கரை கடத்தலுக்கு ஓர் அழைப்பு

என் அருமைத் தம்பி ஜெபராஜுக்கு,

சென்ற சனிக்கிழமை மாலை, உன் மகள் ரெபேக்காள் நம் துறைமுகத்தை அடுத்த புதுக்கோட்டையில் வாழை விவசாயிகளிடம் பேசினாள். வெள்ளிக்கிழமை என்று உன் மனைவி கல்லறைக்கு வந்து சொல்லக்கூடும், நம்பாதே, சனிதான்.

அவள் ஆராய்ச்சி நீ போன பிறகு தொடங்கியது. குலை வெட்டியபின் வீணாகும் வாழைத்தண்டைச் சிதைத்தால் இருவகைச் சர்க்கரை கிடைக்கும். அவற்றை உண்ணும் ஈஸ்ட், வண்டிக்கு ஊற்றத்தக்க எரிசாராயம் தரும். ஆய்வகத்தில் மாற்றியமைத்த ஈஸ்டும்கூட, முதல்வகை தீரும்வரை இரண்டாவதை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. சர்க்கரையை உள்ளே விடும் அந்த வாசல் புரதத்தைத்தான் ரெபேக்காள் திருத்தியிருக்கிறாள். கடையில் வாங்கிய தூய சர்க்கரையில் இரண்டும் சேர்ந்தே நுழைந்தன. தோட்டத்துத் தண்டிலும் நுழையுமா? தண்டு தர எவரும் முன்வராவிட்டால் அவள் வேலை அத்துடன் நின்றுவிடும்.

நோட்டீஸின் தமிழ் என் பொறுப்பு. உள்ளே கொண்டுசேர்ப்பதைக் ‘கடத்தல்’ என்னும் பாடநூல் வழக்குப்படி, பிழையேதுமின்றி, ‘நுண்ணுயிரில் சர்க்கரை கடத்தல்: விவசாயிகள் திரண்டு வருக’ என்று அச்சிட்டேன். ஆயுள் முழுதும் துறைமுகச் சுங்கத்தில் கடத்தல்காரரைப் பிடித்தவனின் மகளுக்கு! நீ சிரிப்பது கேட்கிறது.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். “அண்ணாச்சி, சீனி கடத்துததுக்கா எங்களக் கூப்பிட்டிய? தண்டும் தரமாட்டோம், கோர்ட்டுக்கும் வரமாட்டோம்.” பாதிப்பேர் துண்டை உதறி எழுந்தார்கள். ‘கடத்தல்’ என்பதன் வேர்ச்சொல்லை நான் விளக்கத் தொடங்கினேன், மீதிப்பேரும் எழுந்தார்கள்.

ரெபேக்காள் மைக்கை வாங்கிக்கொண்டாள். “பெரியப்பா, நீங்க கொஞ்சம் இருங்க” என்றவள் பெரியவரிடம் திரும்பினாள். “மாமா, எங்க அப்பா மீனு தீருத வரைக்கும் அவியலத் தொடமாட்டாவ. ஈஸ்டும் அப்படித்தான். ரெண்டையும் சேத்துத் திங்க வைக்கப் பாக்கேன், அவ்வளவுதான்.”

“அப்போ உங்க அப்பாவயும் திருத்தியிருக்கலாமேம்மா!” என்றார் பெரியவர்.

“அகப்பையோட நின்னது எங்க அம்மால்லா? அவங்களாலயே முடியல!”

மண்டபமே சிரித்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். “திங்கக்கிழம எங்க தோட்டத்துல குலை வெட்டுதோம். வண்டியக் கொண்டா தாயி” என்றார் அதே பெரியவர்.

நீ போனபின் உன்னைப் பற்றி அவள் சிரித்துக்கொண்டே பேசியது அன்றுதான், தம்பி. அது உனக்குத் தெரியவேண்டாமா?

திங்கட்கிழமை அவளுடன் லாரியில் நானும் போகிறேன். தண்டில் அவள் நினைத்தது பலிக்காமலும் போகலாம். போனால், அடுத்த கூட்டத்துக்கும் அதற்கடுத்ததற்கும் அவள் பக்கத்தில் நிற்பேன். நீ இருந்தால் நீ நின்றிருப்பாய். நான் இருக்கும்வரை நான் நிற்கிறேன்.

ரெபேக்காளின் பெரியப்பாவாகிய,
உன் அண்ணன் சாமுவேல்