பூமுடி போதுமென்றார் நைனா

என் தங்கமான அக்கா,

அங்கேயாவது உன்னை ஒன்றும் கேட்காமல் ஓட விடுகிறார்களா?

நைனாவின் பூக்கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். அதே மலையடிவாரம், அதே பெஞ்ச். சின்னதாக ஒரு டிவி வைத்திருக்கிறேன். நேற்று அதில், எங்கேயோ பந்தயத்தில் ஜெயித்த ஒரு பெண்ணின் மெடலைப் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அவள் பெண்ணே இல்லையாம். நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு நியாயம் பேசினார்கள். மாலை வாங்க வந்தவர், "இன்னாம்மா இது, ஆம்பளைங்கல்லாம் பொம்பளைங்களோட ஓடிக்கினு கீறாங்க?" என்று சிரித்தார். நான் மாலையை இலையில் சுற்றிக் கொடுத்தேன்.

எனக்கு மஞ்சள் காமாலை முற்றி, பிழைக்கமாட்டேன் என்று எல்லோரும் கைவிட்டபோது, முருகனுக்கு உன் முடியை நேர்ந்துகொண்டவள் நீ. நான் எழுந்து உட்கார்ந்ததும் நைனா கெஞ்சினார். "பொம்பளப் புள்ளைக்குப் பூமுடி போதும்மா. நுனியில மூணு தபா கத்திரிச்சா சாமி ஏத்துக்கும்." நீ கேட்டாயா? "முழு உசுரு கேட்டேன் நைனா, அரைகொறையா குடுக்கக் கூடாது." மொட்டைத் தலையோடு மலைப்படி இறங்கினாய். அடுத்த வாரம் சென்னையில் பெண்கள் பந்தயத்தில் ஓடி முதலாவதாக வந்தாய்.

இரண்டாவது வந்தவளின் கோச் உன் தலையைக் காட்டித்தான் கத்தினாராம், பையனை ஓடவிட்டார்கள் என்று. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் கூழைக் குடித்துவிட்டு ஓடிப் பழகியவள்தான், அவளுக்கும் நியாயம் வேண்டும். ஆனால் நியாயத்தின் பேரில் உன்னை ஓர் அறையில் நிற்கவைத்து ஐந்து பேர் பார்த்தார்களே, அது எந்த ஊர் நியாயம்? கடைசியில் மெடலை வாங்கிக்கொண்டு ஒரு காகிதம் கொடுத்தார்கள். உடம்புக்குள் ஏதோ வேறு மாதிரியாம். இங்கிலீஷில் இருந்தது, நம் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஊருக்கு மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது.

பூ வாங்காதவர்கள்கூட உன்னைப் பார்க்கக் கடைக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைச் சுற்றி நின்று, "உன் கூடப் பொறந்தது அக்காவா, அண்ணனா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். எனக்காக மொட்டை போட்டவளைத் தெரியாது என்றேன். அது உன் காதுக்கும் வந்தது. மறுநாள் காலையிலும் நீதான் எனக்குத் தலை பின்னிவிட்டாய்.

ஐந்து வருடம் கழித்துக் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றாய். "அங்க மறுபடியும் பாப்பாங்கடி." காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது என்று ஊர் சொல்கிறது. எனக்கு அந்த அறைதான் தெரிகிறது.

நேற்று அந்த ஆளுக்கு வாயை மூடிக்கொண்டு மாலை கொடுத்து அனுப்பினேனே, அதுதான் கடைசி. வரும் ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி முடி கொடுக்கப்போகிறேன். பூமுடி இல்லை, முழு மொட்டை. கட்டிக்கொடுத்த பொம்பளைக்கு எதற்கு இது என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் போடுகிறேன். கடையிலேயே உட்கார்ந்து, கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: "எங்க அக்காவுக்கு."

உன் கையால் தலை பின்னிக்கொண்ட
உன் தங்கச்சி