செத்தை ஒதுங்கிய கோடு

ஆலங்கரடு,
போடிநாயக்கனூர் வழி,
18-12-1988.

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மார்கழிப் பனிக்கு வரும் இருமலைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம், சிவப்பு மாடு போன வெள்ளிக்கிழமை கிடேரிக் கன்று போட்டது, தாயும் கன்றும் சுகம். அங்கே உப்புக்காற்றில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னாள் அம்மா, எழுதிவிட்டேன். உன் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த அறிக்கை நகலும் கார்த்திகை முதல் வாரமே வந்துவிட்டன. பதிலுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று வருத்தப்படாதே ஆத்தா. எழுதுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய சோலி ஒன்று இருந்தது. அது முந்தாநாள்தான் முடிந்தது.

உன் அறிக்கையை நான் நாலு தடவை படித்தேன். ஏலக்காய் மூட்டை சுமந்த காலத்தில் சாக்கில் அச்சடித்த பெயரைப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டவன் நான், சர்க்கார் தமிழ் எனக்குச் சுலபத்தில் பிடிபடாது, ஆனால் நீ எழுதியதில் ஒரு வரிகூட எனக்குத் தடுக்கவில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மணல்மேட்டைத் தட்டி லாட்ஜு கட்ட அனுமதி கேட்டவர், சர்க்கார் உத்தரவுப்படி அலை அதிகமாக ஏறும் இடத்திலிருந்து ஐந்நூறு மீட்டர் தள்ளித்தான் கட்டுகிறேன் என்று பிளான் கொடுத்திருக்கிறார், அதை அவருடைய ஆள் கடல் தூங்குகிற சித்திரை மாதத்தில் அளந்திருக்கிறான். நீ ஐப்பசிப் புயல் ஓய்ந்த மறுநாள் போய், கருவாடு காயப்போடும் பெண்களிடம் கடல் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டிருக்கிறாய். அவர்கள் தாழம்புதருக்குப் பின்னால் பாசியும் அறுந்த வலையும் தென்னை மட்டையும் வரிசையாக ஒதுங்கிக் கிடந்த கோட்டைக் காட்ட, அங்கிருந்து டேப்பு பிடித்ததில் முந்நூற்று எண்பது மீட்டர்தான் வந்தது. அந்தக் கோட்டில் பதினொரு கல் ஊன்றி, சுண்ணாம்பு அடித்து, அனுமதி தர இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். சிப்பித்துறைப் பேரூராட்சியின் நிர்வாக அதிகாரி என் மகள் என்று நான் ஒன்றரை வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அது உத்தியோகத்துக்காகச் சொன்னது. இப்போது சொல்வது வேறு. தேவாரம் பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட அந்தப் பதினொரு கல்லைப் பற்றிச் சொன்னேன், அவர் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார்.

கடிதத்தின் கடைசியில் நீ ஒன்று கேட்டிருந்தாய். சேர்மனும் மேலிடத்து ஆட்களும் தினம் வந்து நெருக்குகிறார்கள், அறிக்கையை மாற்றி எழுதாவிட்டால் தண்ணி இல்லாத ஊருக்கு மாற்றல் என்கிறார்கள், அப்பா பதினொரு வருசம் எழுதிய மனு ஒன்றையும் யாரும் மதிக்கவில்லை, நான் எழுதியது மட்டும் நிற்குமா, பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா என்று. இதை உன் மாமன் ராஜாராமிடம் அம்மா சொல்லிவிட்டாள். அவன் மறுநாளே வந்து நின்று, மச்சான், போடச் சொல்லுங்க, கடலுக்கா ஓட்டு இருக்கு, பொம்பளப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல ஊர் ஊரா பெட்டி தூக்கவிட்டா எவன் கட்டுவான் என்றான். நீ மலையில எஸ்டேட்காரனுக்குக் கணக்கு எழுதுறவன், அவன் சொன்ன எடத்துல போட்டுப் பழகுன கை ஒனக்கு, என் மகளுக்கு அப்படியில்ல என்றேன். அவன் காப்பி குடிக்காமல் எழுந்து போய்விட்டான். அம்மா என்னை இரண்டு நாள் ஏசினாள். ஆனால் அவன் போன பிறகு எனக்கே நெஞ்சில் முள் குத்தின மாதிரி இருந்தது, ஏனென்றால் அவனிடம் நான் சொன்னதில் பாதி எனக்கும் சேரும்.

நம் ஓடைக்கரைக் கதை உனக்குத் தெரிந்ததுதான், தெரியாதது ஒன்று அதில் இருக்கிறது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். தங்கபாண்டியன் ஓடை திரும்புகிற இடத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகை கட்டி, கரைக்குள் சுவரை இறக்கினது எழுபத்து நாலில். நீ அப்போது போடியில் ஹாஸ்டலில் இருந்தாய். எழுபத்து ஏழு ஐப்பசியில் மலையில் இரண்டு நாள் விடாமல் அடித்த மழையில் தண்ணீர் அந்தச் சுவரில் முட்டித் திரும்பிக் கீழத்தெருவில் ஏழு வீட்டை வாரிக்கொண்டு போனது, செல்லத்தாய் வீடு முதலாவது. அன்றிலிருந்து நான் தாலுகா ஆபீசு, யூனியன் ஆபீசு, கலெக்டர் ஆபீசு எல்லாவற்றுக்கும் எழுதினேன். ஆவன செய்யப்படும் என்ற பதில்கள் டிரங்குப் பெட்டியில் அடி நிரம்பக் கிடக்கின்றன. எந்த ஆபீசரும் என்னைப் பைத்தியக்காரனாகத்தான் பார்த்தான், நானும் அவர்களை அதைவிட மேலாகப் பார்க்கவில்லை. சுவர் மட்டும் பாதி இடிந்து கிடந்தது. இந்த வருசம் தங்கபாண்டியன் அதே இடத்தில் இன்னும் பெரிதாகக் கட்டப் பஞ்சாயத்தில் மனுப் போட்டார், பிளானில் ஓடையின் அகலம் பதினெட்டு அடி. அளந்தது பங்குனியில், ஓடையில் ஆடு மேயும்போது.

உன் அறிக்கையைப் படித்தபோதுதான் எனக்குப் புத்தியில் பட்டது. பதினொரு வருசம் நான் தாளைத் தாளோடு மோதவிட்டேனே தவிர, தண்ணீர் நின்ற இடத்தைக் கையால் தொட்டுக் காட்டவில்லை. கார்த்திகை பதினைந்தில் ஓடை நன்றாக வந்தது. வடிந்த மறுநாள் விடிந்ததும் சுண்ணாம்புப் பானையோடு போனேன், நொச்சிப் புதரிலும் பாறையிலும் இலவ மரத்து அடியிலும் வெள்ளம் அடித்து வந்த செத்தை எங்கெங்கே மாட்டி நிற்கிறதோ அங்கெல்லாம் ஒரு பட்டை இழுத்தேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் சிரித்தான். மொக்கையன் நின்று, அண்ணே, பொங்கலுக்கு வீட்டுக்குத்தான் வெள்ளையடிப்பாக, நீங்க ஓடைக்கு அடிக்கிறிய, வர்ற தண்ணிக்குக் கோலமும் போட்ருங்க என்று கேலி பேசினான். கேலி பேசிக்கொண்டே கடைசிப் பத்துப் பாறைக்கு அவன்தான் பானையைத் தூக்கி வந்தான்.

பஞ்சாயத்துக் கூட்டம் போன செவ்வாய்க்கிழமை. ஊரே வந்திருந்தது. யூனியன் ஓவர்சியரும் வந்தார், எட்டு மனு எழுதி வரவழைத்தேன். நான் எழுந்து, தண்ணி எம்புட்டுத் தூரம் வருங்கிறத தண்ணியே எழுதி வச்சிருக்கு, போய்ப் பாருங்க என்று ஆரம்பித்தேன். தங்கபாண்டியன் பழைய தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுபத்து நாலாம் வருசப் பக்கத்தை விரித்து, அண்ணாச்சி, அன்னைக்கி இந்த எடத்துல கட்டிக்கலாம்னு பஞ்சாயத்து தீர்மானம் போட்டுத்தானே கட்டுனேன், மூணாவது கையெழுத்து யாருது, நீங்களே வாசிங்க என்றார். கீழே கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து இந்த ஊரில் ஒருவனுக்குத்தான் உண்டு.

ஆமாம் அன்னம், அது என் கையெழுத்து. நான் அப்போது வார்டு மெம்பர். அந்தக் காலத்தில் கிளார்க்கு வெற்றுப் பக்கத்தை விரித்து வைப்பார், நாங்கள் அடியில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வடையும் டீயும் சாப்பிட்டுப் போவோம், தீர்மானத்தை அவர் பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து எழுதி நிரப்புவார். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை, வேலை வெரசா முடிகிறது என்றுதான் நினைத்தோம். மற்ற மெம்பர்களில் பாதிப் பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எனக்குத் தெரியும். கற்ற எழுத்தைப் பத்துப் பேர் பார்க்கப் போடுவதில் எனக்கு அவ்வளவு ஆசை, மேலே தாள் வெறுமையாக இருந்ததை நான் பார்க்கவே இல்லை. வெள்ளம் வந்த பிறகு புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மனுவில் ஒன்றிலும் அதை எழுதவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை.

கூட்டத்தில் சொன்னேன். போட்டது நான்தான், படிக்காமப் போட்டேன், எழுதாத தாள்ல போட்டேன், தப்பு என்னுது, ஆனா என் தப்பக் காட்டி ஓடைய இன்னொரு தடவை அடைக்க முடியாது என்றேன். பிறகு பின்னாலிருந்து செல்லத்தாய் எழுந்தாள். பதினோரு வருசமா தண்ணியத்தான் வைஞ்சேன், ஒங்களத்தான வைஞ்சிருக்கணும், ஒங்க வீட்டுக்கு எத்தன தடவ மோரு கேட்டு வந்திருக்கேன், ஒரு நா சொன்னீகளா அண்ணே என்றாள். அவள் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன், உட்காரவில்லை, தலைவரைப் பார்த்து, இன்னைக்கி என்ன எழுதுறீகளோ அத எழுதி முடிங்க, எங்க காதுல விழ வாசிங்க, அப்பறம் கையெழுத்துப் போடுங்க, அதுவரைக்கும் இங்கேருந்து ஒருத்தி நகர மாட்டோம் என்றாள். கீழத்தெருப் பெண்கள் அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தங்கபாண்டியன் கொட்டகையில் காய் பிரித்துக் கூலி வாங்குகிறவர்கள் அவர்கள், அதையும் நினைத்துப் பார்.

கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். நடுவில் புதன்கிழமை ஓவர்சியர் டேப்பு பிடித்தார், சுண்ணாம்புப் பட்டைக்கும் எதிர்க்கரைப் பட்டைக்கும் நாற்பத்து நாலு அடி. டேப்பின் மறுமுனையைப் பிடித்தது செல்லத்தாய், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை, பேசும்போது பேசட்டும். வெள்ளிக்கிழமை, செத்தை ஒதுங்கிய கோட்டுக்கு உள்ளே எந்தக் கட்டடத்துக்கும் அனுமதி இல்லை, இருக்கிற சுவரை எடுக்க நோட்டீசு கொடுப்பது என்று தீர்மானம் எழுதினார்கள். எழுதி, வாசித்து, பிறகு கையெழுத்துப் போட்டார்கள். இந்தப் பஞ்சாயத்து பிறந்த நாளிலிருந்து தீர்மானத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. தங்கபாண்டியன் மேலே அப்பீலுக்குப் போவார், போகட்டும், எனக்கு வயசு அறுபத்து நாலுதான் ஆகிறது.

உன் மாமன் இதையெல்லாம் உனக்குத் தன் கணக்கில் எழுதுவதற்கு முன்னால் என் கையால் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். உக்கிரபாண்டி மகள் அப்பனைப் போலவே வளையாதவள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. உன் முன்னால் எழுதின தாளை வைத்தார்கள், நீ படித்தாய், போய் அளந்தாய், போட மாட்டேன் என்றாய். நான் ஐம்பது வயதில் செய்யாததை நீ முப்பதில் செய்திருக்கிறாய், இதில் நான் உனக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை, உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். நிற்குமா என்று கேட்டாயே, சிப்பித்துறையில் நீ எழுதியது ஆலங்கரட்டில் நின்றுவிட்டது, அங்கே நிற்காதா. மாற்றல் போட்டால் வாங்கிக்கொண்டு போ, மாற்றல் உனக்குத்தான், கல்லுக்கு இல்லை. உனக்குப் பின்னால் வருகிறவர் எதை எழுதினாலும் உன் குறிப்புக்குக் கீழேதான் எழுத வேண்டும். அம்மா முதலில் அழுதாள், இந்தக் கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகு, போட வேணாம்னு எழுதுங்க, தண்ணி இல்லாத ஊருக்குப் போனா நான் போய்க் கூட இருக்கேன் என்கிறாள். அவளே சொன்னது, நான் சேர்க்கவில்லை.

பொங்கலுக்கு வரும்போது மதுரையில் காலை ரயிலையே பிடி, சாயங்கால ரயிலில் கூட்டம். புறப்படுவதற்கு முன்னால் அந்தப் பதினொரு கல்லுக்கும் இன்னொரு தடவை சுண்ணாம்பு அடித்துவிட்டு வா, உப்புக்காற்று வெள்ளையைத் தின்றுவிடும். நீ நல்ல உடம்போடும் நிமிர்ந்த தலையோடும் நெடுநாள் இருக்க வேண்டும் என்று நம் ஊர்க் காளியாத்தாளை வேண்டிக்கொள்கிறோம்.

மேலே கண்டதை முதல் வரியிலிருந்து இரண்டு தடவை படித்துப் பார்த்து, கோடும் புள்ளியும் இல்லாமல் கையெழுத்திடும் உன் அப்பா,

உக்கிரபாண்டி