மேல் காந்தாரம்

குரும்பலூர்,
9.6.2024

அன்புள்ள செல்விக்கு,

பரிமளா எழுதுகிறேன். பதினெட்டு வருடம் கழித்து என் கையெழுத்து உனக்கு அடையாளம் தெரிகிறதா? நம்மோடு பாட்டு படித்த மஞ்சுவிடம் உன் விலாசமும் போன் நம்பரும் வாங்கினேன். கூப்பிடத் துணிவு வரவில்லை.

நேற்று என் மகள் இலக்கியா கேட்டாள்: "பாட்டு கேட்டு உனக்கு எப்பம்மா ரொம்பப் புல்லரிச்சுது?"

பெரிய வித்வான்கள் பெயரெல்லாம் வாய்வரை வந்தது. சொன்னது உன்னைத்தான். கல்லங்குறிச்சி உற்சவத்தில் நாம் சேர்ந்து பாடினோமே, அந்தக் காம்போதி ராகம். ஆலாபனையில் ஏறிப்போய் மேல் ஸட்ஜத்தில் நின்றேன். மூச்சு முட்டியது. நீ அதற்கும் மேலே போய் மேல் காந்தாரத்தைப் பிடித்து நிறுத்தினாய். பிரசாத வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிவிட்டார்கள். வயலின் அங்கமுத்து சார் வில்லை எடுத்துவிட்டு உன்னையே பார்த்தார்.

அன்று என்னைக் காப்பாற்றினாய். நன்றிகூடச் சொல்லவில்லை நான். இப்போதும் பாடுகிறாயா?

உன்
பரிமளா


விக்கிரமங்கலம்,
16.6.2024

அன்புப் பரிமளா,

கவரைப் பிரிக்கும் முன்பே நீதான் என்று தெரிந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் இல்லை.

மார்கழியில் கோயிலில் பாடுவேன், அவ்வளவுதான். கழுத்தில் தைராய்டு கட்டி. 27ஆம் தேதி திருச்சியில் ஆபரேஷன். மேல் ஸ்வரங்கள் திரும்ப வருமா என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை.

அதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உன்னைக் காப்பாற்றவில்லை. நீ மூச்சு வாங்கத்தான் நிறுத்தினாய். அது எனக்குத் தெரியும். அந்த ஒரு காந்தாரத்துக்காகப் பத்து நாள் நீ சாதகம் செய்ததைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டவள் நான். தெரிந்தே பறித்தேன். "அடுத்த வருஷம் செல்வி மட்டும் பாடட்டும்" என்று விழாக் கமிட்டியில் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நீ பதில் போடாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

வெற்றிச்செல்வி


குரும்பலூர்,
21.6.2024

செல்வி,

எனக்கு அன்றைக்கே தெரியும். இத்தனை வருடம் உன்னோடு பேசாமல் இருந்தது வேறு எதற்கு? நீயாகச் சொல்வாயா என்று பார்க்கத்தான் காப்பாற்றினாய் என்று எழுதினேன். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும்.

ஆனால் இலக்கியாவிடம் சொன்னது பொய்யில்லை. வயிறெரிய உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் என் கை சிலிர்த்தது. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன், நீ பார்த்துவிடக் கூடாதென்று. நான் பாடியிருந்தால் அந்த இடம் அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

25ஆம் தேதி சாயங்காலம் விக்கிரமங்கலம் வருகிறேன். திருச்சிக்கும் கூடவே வருவேன். கிளம்பும் முன் ஒரு தடவை காம்போதி பாடு. தம்புரா நான் போடுகிறேன். நடுவில் வாய் திறக்க மாட்டேன்.

பரிமளா