துண்டில் ஒட்டிய தூசி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் கழித்துப்போட்ட வினையூக்கிகளை அரைத்துப் பிளாட்டினம் பிரிக்கிறோம். முகமூடி கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். நீ கொடுத்த துண்டையே மூக்கில் கட்டிக்கொண்டேன். நேற்று வேலை முடிந்து கிளம்பும்போது மேஸ்திரி வாசலில் அதை உருவிக்கொண்டார்.

"எங்கம்மா குடுத்ததுய்யா!"

"துண்டு உன்னோடது. தூசி கம்பெனியோடது. எரிச்சு, சாம்பல்லேருந்து பிளாட்டினத்த எடுத்துடுவோம்."



இன்னொரு துண்டு அனுப்பு. புதிது வேண்டாம், நீ துடைத்துக்கொண்டதே போதும்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. லேசான இருமல்தான், பயப்படாதே. ஒட்டிய தூசிக்கெல்லாம் சொந்தம் கொண்டாடும் கம்பெனி, நெஞ்சுக்குள் போனதை மட்டும் என்னுடையது என்று விட்டுவிட்டது.

உன் மகன்