கொசுறுப் பை

மெட்டுகுடா, செகந்திராபாத்
18-10-1946, வெள்ளிக்கிழமை

அன்புள்ள கிரிஜாவுக்கு,

வேதா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி. கடைக்காரன் பருப்பை நிறுத்து, தராசு முள் நேராக நின்ற பிறகு, மேலே ஒரு பிடி அள்ளிப் போடுகிறானே, அந்தக் கொசுறு யாருடையது? அவனுடையது என்றால் ஏன் கொடுக்கிறான்? வாங்கியவளுடையது என்றால் அதற்கு எங்கே காசு கொடுத்தாள்? பொருளாதாரம் படித்து, பல வருஷமாக அதையே சொல்லிக்கொடுத்தும், எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. சிரிக்காதே. இந்த மாதம் முழுவதும் இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உன் தம்பி வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டான் என்பதை நான்கு வரியில் எழுதிவிட்டு, நான் கேட்ட விஷயத்துக்கு மட்டும், "யார் வீட்டிலும் போய்ப் பாரமாக உட்கார மாட்டேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறாய். நான் மறுபடி கேட்கப் போவதில்லை. இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தபோது நான் கேட்காமலே ஒரு பின்னறையும் சேர்ந்து வந்தது. அதில் இப்போது ஒரு கட்டிலும் பழைய பத்திரிகைகளும் கிடக்கின்றன. அவ்வளவுதான் சொல்வேன்.

இங்கே ரயில்வே தொழிலாளர்களுக்குப் பஞ்சப்படி எவ்வளவு தருவது என்று முடிவு செய்ய, வீட்டுச் செலவு விசாரணை ஒன்று நடக்கிறது. யார் எதை எங்கே வாங்குகிறார்கள், என்ன ஆகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். தமிழ் தெரிந்தவள் என்பதால் லாலாகுடா ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் உள்ள தமிழர் சந்து என் தலையில் விழுந்தது. வட ஆற்காடு, சேலம், திருச்சி என்று பல ஊர்க்காரர்கள். ஒரே சந்தில் மூன்று விதமான தமிழ் கேட்கிறது. குழந்தைகளிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வருகிறது.

கேட்பது எளிது, எழுதுவதுதான் பாடு. தானியம் ரேஷன் கடையில். பாதி அரிசி, பாதி சோளம். சோளத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஆளாளுக்கு ஒரு வித்தை செய்கிறார்கள். காய்கறி, நாச்சாரம் பக்கத்திலிருந்து கூடை தூக்கி வருகிறவர்களிடம். புளி, மிளகாய், பருப்பு, எண்ணெய் எல்லாம் சனிக்கிழமைதோறும் மோண்டா மார்க்கெட்டில். கல்யாணம் கார்த்திகை என்றால் நகரத்துக்குள் பேகம் பஜார். எந்த விலையைச் சொன்னாலும், "கல்தாரா, ஹாலியா?" என்று நான் திருப்பிக் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் ரூபாய் கல்தார். நிஜாம் ரூபாய் ஹாலி, மதிப்பில் சற்றுக் குறைவு. இரண்டும் ஒரே சுருக்குப் பையில் கிடக்கின்றன.

சந்தின் கடைசி அறையில் ஜுலைகா இருக்கிறாள். ஆம்பூர்க்காரி. ரயில் பெட்டிகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த அவள் கணவர் டைபாய்டில் போய்விட்டார். இரண்டு பெண்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். தையல் கூலியில் ரேஷனும் வாடகையும் நடக்கின்றன. நான் வரிசையாகக் கேட்டேன். பருப்பு? வாங்கறதில்லே. புளி? வாங்கறதில்லே. மிளகாய், மல்லி, கடுகு? இல்லே, இல்லே, இல்லே. உப்பு? "அது வாங்குறேன்" என்றாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை சந்து முனை வரைக்கும் போயிருக்கும். பொய் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். விசாரணைக்கு வருகிறவர்களிடம் ஏழைகள் குறைத்துச் சொல்வது வழக்கம்தானே. குழம்பைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். "வாங்குறதைத்தானேம்மா கேட்டீங்க? வர்றதைக் கேக்கலியே" என்றாள்.

வருவது கொசுறு.

இது எப்படி ஆரம்பித்தது என்பதை எதிர்வீட்டு ஃபிட்டர் உலகநாதனின் மனைவி கனகவல்லி சொன்னாள். சேலத்திலிருந்து கல்யாணமாகிப் புதிதாக வந்த கமலம் என்ற பெண், மோண்டாவில் சாம்பய்யா செட்டி கடையில் ஒரு கல்தார் ரூபாயைக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை ஹாலியில் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பியிருக்கிறாள். இந்த ஊருக்கு வந்த தமிழச்சிகள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்த தவறு அது. பின்னால் நின்ற ஜுலைகா பிடித்துக்கொண்டாள். செட்டியைத் தெலுங்கில் பாதியும் தக்கனி உருதுவில் பாதியுமாகப் பிடித்த பிடியில், "கைக்கு? கைக்கு இத்னா கம்?" (ஏன், ஏன் இவ்வளவு குறைச்சல்?) என்று அவள் போட்ட சத்தத்தில், கடை முன் கூட்டம் சேர்ந்துவிட்டது. செட்டி சில்லறையைச் சரிசெய்து, மானம் காக்க ஒரு பிடி புளியையும் அள்ளிக் கமலத்தின் பையில் போட்டான். கமலம் அதை எடுத்து ஜுலைகாவின் பையில் போட்டாள். "இது எனக்கு வந்ததில்லக்கா, உன் வாய்க்கு வந்தது" என்றாளாம்.

அதிலிருந்து சந்தில் உள்ள எட்டு வீட்டுப் பெண்களும் ஜுலைகா இல்லாமல் மோண்டாவுக்குப் போவதில்லை. அவள் பேரம் பேசுவாள், கல்தாரையும் ஹாலியையும் மனத்திலேயே மாற்றிச் சொல்வாள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தராசைப் பார்ப்பாள். போன சனிக்கிழமை நான் கூடப் போய்ப் பார்த்தேன். அவள் கண் முள்ளை விட்டு நகருவதே இல்லை. கோழி இட்ட முட்டையைக் காக்கை பார்ப்பதைப் போலப் பார்க்கிறாள். முள் நின்றதும் செட்டியின் கை தானாக மூட்டைக்குப் போகிறது, ஒரு பிடி எடுக்கிறது, "கொசரு" என்கிறது. தெலுங்கிலும் ஏறக்குறைய இதே வார்த்தைதான். அந்தப் பிடி வாங்கியவளின் பைக்குள் போவதில்லை. ஜுலைகா பிடித்திருக்கும் பைக்குள் போகிறது. ரயில் பெட்டி ஜன்னல் திரைத் துணியில் அவளே தைத்த பை.

எட்டு வீட்டுத் துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, மைசூர்ப் பருப்பு எல்லாம் அதில் கலந்துவிடும். இரண்டு விதப் புளி, நீளமும் குட்டையுமாக மிளகாய். அவள் குழம்பை எனக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள். கிரிஜா, நான் எதையும் எளிதில் மெச்சுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒரு ருசியை நான் கண்டதில்லை. எந்தக் கடையிலும் இந்தக் கலவையை நிறுத்து வாங்க முடியாது. சந்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சோற்றை எடுத்துக்கொண்டு வந்து இவள் குழம்பை ஊற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கிண்ணத்தின் முன் நான் கோயிலுக்குள் வழி தெரியாமல் நுழைந்துவிட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நாளையோடு இது முடிகிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வரும் வாரம் தீபாவளி. சரக்கு வரத்து இல்லை என்று வியாபாரிகள் கூடிப் பேசி, இனிமேல் கொசுறு கிடையாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். சாம்பய்யா கடையிலும் பலகை தொங்குகிறது. இன்று மத்தியானம் நான் சந்துக்குப் போனபோது ஜுலைகா வாசலில் கூட்டம். கொசுறு இல்லாத கடையில் தனக்கு என்ன வேலை என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கமலம் இப்போது கணக்குக் கற்றுக்கொண்டுவிட்டாள், நீங்களே போய் வாருங்கள் என்றாள். தீபாவளி முடிந்ததும் ஆம்பூரில் இருக்கும் நாத்தனாருக்கு எழுதி, பெண்களோடு அங்கே போய்விடப் போகிறாளாம். அந்த நாத்தனார் இவளைக் கூப்பிடுவது அடுப்படி வேலைக்கு. பெண்களின் படிப்பும் அத்தோடு சரி.

ஆளுக்குக் கொஞ்சம் நாங்களே தருகிறோம் என்று கனகவல்லி சொல்லிப் பார்த்தாள். ஜுலைகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாங்கித் திங்கறதுன்னு ஆயிட்டா நாத்தனார்கிட்டயே வாங்கித் தின்னுட்டுப் போறேன். அங்க உறவாச்சும் மிஞ்சும்" என்றாள். கனகவல்லியும் விடவில்லை. "சரி மகராணி, தீபாவளிச் சாமானுக்கு மட்டும் வா. நீ இல்லேன்னா அந்தச் செட்டி எங்களை மொட்டையடிச்சு அனுப்பிடுவான்" என்றாள். "உனக்கு இருக்கற நாலு முடிக்கு அவன் கத்தி எடுக்கணுமா?" என்றாள் ஜுலைகா. எல்லோரும் சிரித்தார்கள். வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் பையை எடுத்து வருகிறேன் என்று சொல்லவில்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்பாய். தனக்குச் செலவில்லாத வரைக்கும் எல்லோருக்கும் தாராளம் வரும். கொசுறு கடைக்காரனுடையதாக இருந்ததால் அதைத் தூக்கிக் கொடுக்க யாருக்கும் வலிக்கவில்லை. இனி தன் வீட்டுப் பருப்பு என்றால் இரண்டு வாரம் கொடுப்பார்கள், மூன்றாவது வாரம் முகம் திருப்புவார்கள். அவள் வாங்கவும் மாட்டாள். நாளைக்கு விலைவாசி எழுத நானும் மோண்டாவுக்குப் போகிறேன். முடிவைப் பார்த்துவிட்டு இந்தக் கடிதத்தை ஒட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கஷாயம் கசக்கிறது என்று கொட்டிவிடாதே. உனக்கு எல்லாம் சரியாக அமைய வேண்டும் என்று, பிரார்த்தனையில் நம்பிக்கை இல்லாத நான், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உன்
வேதா

19-10-1946, சனிக்கிழமை மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மோண்டாவில் தீபாவளிக் கூட்டம். சாம்பய்யா கடையில் பலகை தொங்கியது. ஜுலைகா வந்திருந்தாள். பையும் வந்திருந்தது, நான்காக மடித்து அக்குளில். பேரத்தில் குறைவில்லை. மிளகாய் விலையில் இறங்க மாட்டேன் என்று நின்ற செட்டியிடம், "உங்க மிளகாயை விட உங்க வாய்தான் சேட், காரம்" என்று சொல்லி இறக்கிவிட்டாள்.

முதலில் கனகவல்லிக்கு ஒரு சேர் துவரம்பருப்பு. முள் நின்றது. செட்டியின் கை பழக்கத்தில் மூட்டைப் பக்கம் போனது. பாதி வழியில் பலகை ஞாபகம் வந்து நின்றுவிட்டது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் காதுக் கடுக்கனைத் தடவிக்கொண்டான். கனகவல்லி தன் பருப்பிலிருந்து ஒரு பிடி அள்ளி ஜுலைகாவிடம் நீட்டினாள். "நக்கோ" என்றாள் ஜுலைகா, வேண்டாம் என்று. "அது உன் வூட்டுக்காரர் சம்பளம். கொசுறு இல்ல." பிடியைத் திருப்பி அவள் பையிலேயே கொட்டிவிட்டாள். பின்னால் நின்றவர்கள், "ஜல்தி, ஜல்தி" என்று கத்தினார்கள். எல்லாம் நான் எழுதியபடியே நடக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்தது கமலம். அவளுக்கும் ஒரு சேர். செட்டி நிறுத்தான். முள் நேராக நின்றது. அவள் காசைக் கொடுத்தாள், பையைத் திறக்கவில்லை. "கொசரு, செட்டிகாரு" என்றாள். செட்டி பலகையைக் காட்டினான். அவள் பலகையைப் பார்க்கவில்லை, தராசுத் தட்டைப் பார்த்தாள். தான் காசு கொடுத்துவிட்ட பருப்பைப் பார்த்தபடி, மெல்ல, "கொசரு" என்றாள் மறுபடியும்.

செட்டிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு அவன் கை தட்டுக்குப் போய், அதிலிருந்தே ஒரு பிடி அள்ளியது. எடைக்கல் இருந்த பக்கம் தராசு சாய்ந்தது. முள் கோணியது. எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

நான் ஜுலைகாவைப் பார்த்தேன். கமலம் இரண்டாம் முறை சொன்னபோதே அவள் முகத்தைத் திருப்பியிருந்தாள். கொத்தமல்லிக்காரி ஒருத்தி கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்ததை, உலகத்தில் பார்க்க வேறு எதுவுமே இல்லாதது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் அங்கேயே இருக்க, கை மட்டும் அக்குளிலிருந்து பையை எடுத்து, உதறி, விரித்துப் பிடித்தது. "இதிகோ, கொசரு" (இந்தா, கொசுறு) என்று செட்டி தன் கையால் அதில் போட்டான்.

அடுத்த வீட்டுக்காரி வந்தாள், அதற்கடுத்தவள் வந்தாள். யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. ஒருத்தி ஒருத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பணம் கொடுத்தார்கள், "கொசரு" என்றார்கள், முள் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் ஜுலைகா கொத்தமல்லியைப் பார்த்தாள். கனகவல்லி தன் பருப்பைத் திரும்பத் தட்டில் கொட்டி, "எனக்கு மறுபடி நிறு" என்று செட்டியை அதட்டி வரிசையில் இரண்டாம் முறை நின்றாள். கடைசியில் வந்தவர்களுக்குச் செட்டியின் கை அள்ளியது தட்டிலிருந்தா, மூட்டையிலிருந்தா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நானும் பாவு சேர் (கால் சேர்) புளி வாங்கினேன். காசைக் கொடுத்துவிட்டு, அந்த வார்த்தையைச் சொல்லாமல் தட்டையே பார்த்தேன். செட்டியே சொல்லிவிட்டான்.

திரும்பும்போது ஜுலைகா எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். பை கனத்தது. போன வாரத்தை விடக் கனமாகவே இருந்திருக்க வேண்டும். ஆம்பூர்ப் பேச்சு எழவில்லை. அடுத்த சனிக்கிழமை நல்லெண்ணெயைச் சாம்பய்யாவிடம் வாங்கக் கூடாது, அவன் கலப்படம் செய்கிறான் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். விசாரணைத் தாளில் அந்தப் பிடிகளை எந்த வீட்டுச் செலவில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பின்னறையில் கிடந்த பத்திரிகைகளை எடைக்குப் போட்டேன். அறையைப் பெருக்கிக் கழுவிவிட்டு, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். படுத்தபடியே மௌலா அலி குன்று தெரிகிறது. நான் கேட்காமல் வந்த அறை என்று நேற்றே எழுதியிருக்கிறேன்.

வேதா