தலைப்பாகைகள் கூடிய சபை

வெண்கோட்டு நாடும் அதன் ஏழு ஆறுகளும் தழைக்க. கோவேள் மணிமுடியாரின் திருவடி நிழலில் முதலமைச்சுப் பணி பூண்ட பெருஞ்சாத்தன், இந்நாட்டில் தன்னைத் தானே ஆளும் ஒரே ஊராகிய பொழில்வாயின் சபையோர்க்கும், உழவர்க்கும், குயவர்க்கும், நெசவுத் தெருவோர்க்கும், அவ்வூர் மாதர் அனைவர்க்கும் நலம் வினவி விடுக்கும் ஓலை. நும் நெல் முற்றுக. நும் கிணறுகள் ஊறுக. நும் சண்டைகள் மாலைக்குள் தீர்க.

நும் தூதர் காரிநம்பி விண்ணப்பத்தை அரசவையில் படித்தார். சபை கெட்டுப்போயிற்று, இனி எமக்கு அது வேண்டா, பெருஞ்சாத்தனை வாழ்நாள் முழுதும் எம்மை ஆள அனுப்புக என்று எழுதியிருந்தீர்கள். மறைப்பானேன், என் உள்ளம் குளிர்ந்துபோயிற்று. பொழில்வாய் மாளிகையில் ஊஞ்சலை எந்தக் கூடத்தில் மாட்டுவது என்று என் மனைவி அன்றே முடிவும் செய்துவிட்டாள். வேந்தரோ, போவதும் போகாததும் உம் விருப்பம் என்று சொல்லிச் சிரித்தார்.

எதற்கும் அறிந்தோரைக் கேட்போமென்று, தம்மைத் தாமே ஆண்ட ஊர்களும் பெருநாடுகளும் ஏன் அழிகின்றன என ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட மூவரை அழைத்தேன். ஐயையோ, அந்தப் பகற்பொழுதை என்னென்பேன்! சுகம் கண்டவர் காவலை மறப்பர், உடல் நோகாத மக்களின் நாடு நிலைக்காது என்று புலியாதனார் மூன்று நாழிகை முழங்கினார். முழங்கியவாறே மூவர்க்குமாக வைத்த ஒன்பது நெய்யப்பங்களையும் உண்டார். அவர் உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அல்லியங்கோதையார், சிலரிடம் எல்லாம் குவிந்து பலர் வெறுங்கையராகும்போது, மக்கள் சலித்துப்போய், ஆளும் உரிமையைத் தாமே ஒருவனிடம் தூக்கிக் கொடுப்பர் என்றார். அச்சொல் என்னைச் சற்றே உறுத்தியது. முதுகண்ணனாரோ, நாடுகளுக்கும் பிறப்பும் இளமையும் மூப்பும் உண்டு, எவராலும் தடுக்க இயலாது என்றார். அப்படியாயின் அமைச்சர் எதற்கு என்று வினவினேன். யானும் அதைப் பலநாள் எண்ணியதுண்டு என்று மிகுந்த பணிவோடு விடை பகர்ந்தார்.

மூவர் சொல்லும் மெய்யாகவே இருக்கட்டும், பொழில்வாய் எதனால் கெட்டது என்று காரிநம்பியைக் கேட்டேன். சபைக்கு வர இயலாதவர் தம் தலைப்பாகையை இருக்கையில் வைத்துவிட்டால் அவரே வந்ததாகக் கொள்வது நும் வழக்கமாம். காய்ச்சலில் கிடந்த ஒருவர்க்காக ஏற்பட்ட சலுகையாம். பிறகு விருந்துக்குப் போனவரும், கோழிச்சண்டைக்குப் போனவரும், சும்மா படுத்திருந்தவரும் அனுப்பத் தொடங்கினராம். சென்ற ஆவணியில் பதினொரு தலைப்பாகைகளும் இரண்டு ஆட்களும் கூடியிருக்கிறீர்கள். அவ்விருவரில் ஒருவர், ஊரார் தண்ணீர் எடுக்கும் ஆற்றுத்துறையைத் தம் தோப்போடு சேர்த்து வேலியிட இசைவு கேட்டிருக்கிறார். தலைப்பாகை ஒன்றும் மறுத்துரைக்கவில்லை, தீர்மானம் நிறைவேறிவிட்டது. இன்று தண்ணீர்க்குடம் சுமக்கும் பெண்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள்.

முதலில் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பெண்களை எண்ணியபோது நும்மேல் கடுஞ்சினம் வந்தது.

சரி, சபையே வேண்டாமென்ற இவ்விண்ணப்பத்தை யார் முடிவு செய்தார் என்று வினவினேன். காரிநம்பி நிமிர்ந்து நின்றார். இத்தனை பெரிய காரியத்தில் தலைப்பாகையை நம்பலாகாதென்று அறுநூறு பேர் நேரில் வந்தனராம். தண்ணீர் சுமக்கும் பெண்களே முதல் வரிசையில் அமர்ந்தனராம். இரண்டு பகல் வாதாடினராம். குயவர் தெருவும் நெசவுத் தெருவும் அடிதடிவரை போய்த் திரும்பினவாம். விண்ணப்பத்தின் சொற்களை நான்கு முறை திருத்தியபின் கையுயர்த்தி எண்ணினராம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நீவிர் பார்த்திருக்க வேண்டும்!

அட, நல்லவர்களே! சபையை ஒழிப்பதற்காக நீவிர் கூட்டிய சபையைப் போல் ஒன்றை யான் என் பணிக்காலம் முழுவதிலும் கண்டதில்லை. முதுகண்ணனாரிடம் கூறினேன், தாடியை நீவிக்கொண்டு, இஃது என் ஏட்டில் இல்லையே என்றார்.

ஆகவே யான் வரமாட்டேன். வந்தால் முதலாண்டில் வேலியைப் பிடுங்குவேன், நீவிரும் என்னை வாழ்த்துவீர். பத்தாம் ஆண்டில் யானே ஒரு வேலி போட்டால் யாரிடம் போய் முறையிடுவீர்? என்னை யான் நன்கறிவேன். அத்தனை நல்லவன் அல்லன். இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை, அந்தப் போர் தனி.

வேந்தர் இசைவோடு யான் விடுக்கும் கட்டளை இது. இனி இருக்கையில் ஆள் இருந்தாலே ஆள் வந்ததாகக் கொள்க. வேலியை அகற்றுமாறு யான் பணிக்கமாட்டேன். துறையும் நுமது, கைகளும் நுமவே. நோயுற்றவர்க்கு என்ன வழி என்பதையும் நீவிரே பேசி முடிக்க.

மணிமுடியாரின் ஆட்சியாண்டு பதினேழு, ஐப்பசி வளர்பிறை ஆறாம் நாள், அரச இலச்சினை இட்டு விடுத்தேன். ஆயினும் இலச்சினையால் மட்டும் இவ்வோலை செல்லாது. நும் மன்றத்தில் அனைவரும் நேரில் கூடிக் கேட்டு, கையுயர்த்தி ஏற்றபின்னரே செல்லும். பிடிக்காவிடில் தாராளமாக மறுக்கலாம். மறுப்பதற்கும் கூடியே ஆகவேண்டும்.