கறுத்த மாதாவுக்குப் போலந்துக் கொழுக்கட்டை

என்ர தங்கமான திரேசம்மாவுக்கு,

இதை நானே எழுதுகிறேன். நம்ப மாட்டாய். நீ இருந்த நாளெல்லாம் எனக்கு வந்த கடிதங்களை நீதான் வாசித்தாய். கையெழுத்து வைக்கும் இடத்தைக்கூட உன் விரல்தான் தொட்டுக் காட்டும். நீ போன பிறகு சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்துக்குப் போய் எழுத்துப் பழகினேன். ஒரு பந்தி எழுதுவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆறட்டுமே! பேனை என்னுடையது, சொல் என்னுடையது, இடையில் ஒருவரும் இல்லை. அந்தச் சந்தோசத்தில் இன்று ஆசை தீர நாலு பேரைத் திட்டப் போகிறேன். நீ தடுக்க முடியாது.

முதலில் செய்தி. நான் போலந்துக்குப் போய் வந்துவிட்டேன். உன்ர கறுத்த மாதாவிடம்.

எங்கட மகன் ஜூட் சின்னப் பிள்ளையாக இந்த மொன்றியலில் மூளைக்காய்ச்சலோடு கண் திறக்காமல் கிடந்தானே, அந்த ஆஸ்பத்திரி அறை எனக்கு இன்னும் மணக்கிறது. பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் ஒரு போலந்துக்காரி. அவள் உன் கையில் ஒரு சின்ன மாதா படத்தை வைத்தாள். நீ அதைப் பார்த்துவிட்டு என்னை இழுத்தாய்.

"இஞ்சாருங்கோ, இவ எங்கட நிறம். கன்னத்தில வெட்டுக்காயமும் கிடக்கு. இவவுக்கு எங்கட கதை சொல்லாமலே விளங்கும்."

பிள்ளை எழும்பினால் அந்த மாதாவின் வாசலுக்கு வந்து கொழுக்கட்டை கொடுப்பதாக அங்கேயே நேர்ந்தாய். எங்கட மன்னார்ப் பக்கத்து மடு மாதாவுக்கு நேர்ந்திருந்தால் என்றாவது போயிருக்கலாம். நீ போலந்துக்கு நேர்ந்தாய்! அது எந்தத் திசை என்றுகூட உனக்குத் தெரியாது. பிள்ளை எழும்பினான். நாங்கள் 'பேந்து போவம், பேந்து போவம்' என்றே இருந்தோம். பிறகு நீ போய்விட்டாய்.

அந்த நேர்த்தியைத் தீர்க்கவேணும் என்று உன் மகனிடம் சொன்னேன். அவன் போனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா, அம்மாவின்ர நேர்த்தி அம்மாவோட போட்டுது. விடுங்கோ."

"நேர்ந்த ஆள் போனா வீட்டு ஆள் செய்யவேணும். எழும்பினது நீயோ நானோ?"

பிறகு அவனேதான் வந்து சொன்னான், ஆற்றுக்கு அங்கால புரோசார்ட்டில் இருக்கிற செல்வம் தமிழ் ஆட்களைச் சேர்த்துப் போலந்துக்குச் சுற்றுலா கொண்டுபோகிறானாம், கடைசியில் மாதா கோயிலும் உண்டாம் என்று. இந்தச் செல்வத்தை உனக்குத் தெரியாது. தெரியாமல் போனது உன் புண்ணியம். போனை ஒரு தடியில் குத்தி, அதைப் பார்த்து "வணக்கம் மக்களே" என்று பல்லைக் காட்டுவதுதான் அவனுக்குத் தொழில். பக்கத்தில் நிற்கிற மக்களுக்கு வணக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை.

மருமகள் நிரோஷா ஒரு பெட்டி நிறையக் கொழுக்கட்டை அவித்து, உறைய வைத்து எடுத்தாள்; அவளும் ஜூட்டும் என்னோடு புறப்பட்டார்கள். எங்கட செயின்ட்-மிஷேல் பக்கத்தில் இருந்து போலந்துக்குக் கொழுக்கட்டை கொண்டுபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வார்சோவில் இறங்கியதும் எனக்குப் பெரிய சந்தோசம். அங்கே ஒரு பலகையையும் எங்கட ஆட்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை! பட்டம் எடுத்த உன் மகன் கழிப்பறைக் கதவுக்கு முன்னால் நின்று, யாராவது ஒரு ஆம்பிளை உள்ளே போகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை வருசம் நான் அப்படி நின்றிருப்பேன்! தோளில் தட்டி, "பழகிவிடும்" என்றேன்.

பழைய நகரம் என்று ஒன்றைக் காட்டினார்கள். யுத்தத்தில் முழுதும் இடிந்து போனதாம். முந்தி ஓவியர்கள் கீறி வைத்த படங்களைப் பார்த்துப் பார்த்து, அதே சன்னல், அதே நிறம் என்று திரும்பக் கட்டினார்களாம். கூட்டிப்போன பெட்டை அதைப் பெருமையாகச் சொன்னாள். என்னைவிட வயது குறைந்த பழைய நகரம்! நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மன்னாரில் எங்கட வீட்டை ஒருவரும் படம் கீறி வைக்கவில்லையே, திரேசம்மா? அந்த நீலக் கதவு எந்த நீலம் என்று உனக்காவது ஞாபகம் இருந்ததா?

அடுத்தது உப்புச் சுரங்கம். மன்னார் உப்பளத்தில் காலும் கையும் வெடிக்க வெடிக்க நின்றவனை, நிலத்துக்குக் கீழே படி படியாக இறக்கி, உப்பைப் பார் என்றார்கள். உப்பில் கோயில், உப்பில் சிலை, உப்பில் சரவிளக்கு. செல்வம் சுவரை நக்கிப் பார்த்துவிட்டு, "மக்களே, உண்மையாவே உப்புத்தான்!" என்றான். வேறு என்னவாக இருக்கும், பனங்கட்டியாகவா? உப்பில் மாதாவையே செதுக்கத் தெரிந்த சனத்துக்குக் கறியில் ஒரு சிட்டிகை போடத் தெரியவில்லை என்பதுதான் என் துக்கம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. புளித்த கோவாவை, அதுதான் முட்டைக்கோசை, இறைச்சியோடு போட்டு, கோவா தன் பெயரை மறக்கும்வரை வேக வைக்கிறார்கள். அதற்குப் பெயர் பிகோஸ். பீற்றூட்டைக் காய்ச்சி, சிவப்புத் தண்ணியை எங்களுக்குத் தந்தார்கள். பீற்றூட் எங்கே போனதோ தெரியாது. மாவைப் புளிக்கவிட்டுக் காய்ச்சிய கஞ்சியை, ஒரு முழு ரொட்டிப் பாணைக் குடைந்து அதற்குள் ஊற்றித் தருகிறார்கள். கோப்பை கழுவப் பஞ்சி, சோம்பல் என்று நினைக்கிறேன். உறைப்பு என்றால் என்னவென்று அந்த நாட்டுக்கு ஒருவரும் போய்ச் சொல்லவில்லை.

இதையெல்லாம் மன்னிக்கலாம். பியரோகி என்று ஒன்று வந்ததே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பார்த்தால் கொழுக்கட்டை. அதே பிறைச் சந்திர வடிவம், அதே ஓரம் மடிப்பு. கடித்தால் கோதுமை மா, உள்ளே உருளைக்கிழங்கு, மேலே பொரித்த வெங்காயம். ஆள்மாறாட்டம்! கொழுக்கட்டையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து என்னை ஏமாற்றப் பார்த்தது. நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"மாமா, ஒண்டாவது சாப்பிடுங்கோ," என்றாள் நிரோஷா.

"இதைச் சாப்பிட்டா உன்ர மாமி கனவில வந்து அடிப்பா."

ஆனால் அந்தக் கிழமையே எனக்கும் ஒரு அடி விழுந்தது. கிராக்கோவ் ஹோட்டலில் எங்கள் அறையில் ஒரு நாற்றம். ஜூட் பெட்டியைத் திறந்தான். கொழுக்கட்டை எல்லாம் நூல் விட்டுப் போயிருந்தது. உன் மருமகளின் உழைப்பு, உன் நேர்த்தி, எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினான். நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திட்ட ஒருவரும் கிடைக்கவில்லை. கடல் தாண்டி மூன்று ஹோட்டல் மாறிக் கொழுக்கட்டை பழுதாகாது என்று நினைத்தவன் நான்தானே?

கடைசி நாள் செஸ்டோகோவா. உன் மாதாவின் ஊர். காலையில் போயிருக்கவேண்டும். வழியில் ஒரு கடையில் செல்வம் அந்தப் பாண் கஞ்சியை முன்னால் இருந்தும் பின்னால் இருந்தும் வீடியோ எடுத்தான். பிறகு கஞ்சி ஆறிவிட்டது, ஆவி தெரியவில்லை என்று இன்னொன்று கொண்டுவரச் சொல்லி எடுத்தான். நாங்கள் கோயிலுக்குள் ஓடிப் போனபோது மாதா இல்லை. மதியத்தில் அவ படத்தை ஒரு தகட்டால் மூடிவிடுவார்களாம், பிறகு எக்காளம் ஊதித்தான் திறப்பார்களாம். அதுவரை நிற்க நேரமில்லை.

"பரவாயில்லை மக்களே, வெளியில நிண்டு ஒரு படம் எடுப்பம். அங்கால கோட்டை ஒண்டு பாக்கக் கிடக்கு," என்றான் செல்வம்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

"அண்ணை, எழும்புங்கோ. பஸ் போயிடும்."

"போகட்டும். நீயும் அதோட போ. கஞ்சி ஆறப்போகுது."

"ஜூட், அப்பாவுக்கு ஒருக்காச் சொல்லும்."

உன் மகன் என்னைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான். அவன் ஏறப்போகிறான் என்றுதான் நினைத்தேன். போனான். திரும்பி வந்தபோது கையில் எங்கள் பைகள் எல்லாம் இருந்தன. "நீங்கள் போங்கோ செல்வம் அண்ணை. நாங்கள் ரெயினில வாறம்," என்றான். பிறகு நிரோஷாவைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

வரும்போது அவன் கையில் ஒரு பெட்டி. திறந்து காட்டினான். பியரோகி! ஆவி பறந்தது.

"இதையோ மாதாவுக்குக் குடுக்கிறது? கேவலம். அம்மா கொழுக்கட்டை எண்டெல்லோ நேர்ந்தவ?"

"இது இனிப்பு, அப்பா. உள்ளுக்குள்ள தயிர்க்கட்டியும் சீனியும். இது அவையின்ர கொழுக்கட்டை." ஆவி போகாமல் பெட்டியை மூடினான். "மாதா இவ்வளவு காலமா இந்த ஊரிலதானே இருக்கிறா? அவவுக்கு இதுதானே பழக்கம்?"

நேர்த்தியை விடச் சொன்ன வாய் அது, திரேசம்மா.

எக்காளம் ஊதினார்கள். தகடு மெல்ல மேலே போனது. அவ உண்மையாகவே கறுப்புத்தான். கன்னத்தில் அந்த வெட்டும் அப்படியே. பீடத்தைச் சுற்றிச் சனம் முழங்காலில் போகிறது, மடுவில் எங்கட சனம் போகிற மாதிரியே. முழங்கால்கள் தேய்ந்து அந்தக் கல்லில் பள்ளமே விழுந்திருக்கிறது. நானும் போனேன். என் முழங்கால் என்னைத் திட்டியது. முன்னால் போனவரின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே போனதில் செபம் எல்லாம் மறந்துபோனது. "அவ வர ஏலாமல் போச்சு, நான் வந்திருக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவு போதுமா?

வெளியில் வாசலில் நின்று கொடுத்தோம். ஜூட் பெட்டியைப் பிடித்தான். முதலில் ஒருவரும் எடுக்கவில்லை; ஏதோ விற்கிறோம் என்று விலகிப் போனார்கள். நான் அந்த ஆஸ்பத்திரியில் உனக்குக் கிடைத்த சின்ன மாதா படத்தை எடுத்து நீட்டினேன். தலையில் துணி கட்டிய ஒரு கிழவி படத்தைப் பார்த்தாள், ஜூட்டைப் பார்த்தாள், ஏதோ கேட்டாள். பாஷை தெரியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மகனின் நெற்றியில் கையை வைத்து, காய்ச்சல் என்று காட்டி, பிறகு அவன் நெஞ்சில் தட்டிக் காட்டினேன். நாற்பது தாண்டிய ஆம்பிளை, தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கிழவிக்கு விளங்கிவிட்டது. ஒன்றை எடுத்துச் சிலுவை போட்டு, இரண்டாகப் பிட்டு, பாதியை என் கையில் வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க நான் எப்படி மறுப்பது? சாப்பிட்டேன். மா தடிப்பு. உள்ளே புளிப்பு. தேங்காய்ப்பூ இல்லை, பயறு இல்லை, ஏலக்காய் வாசம் மருந்துக்கும் இல்லை. உன்னுடையதுக்குப் பக்கத்தில் நிற்கக்கூட அதற்குத் தகுதி கிடையாது.

முழுதும் சாப்பிட்டேன். கையையும் நக்கினேன். செல்வத்துக்குச் சொல்லிவிடாதே.

கிழவி அங்கால நின்றவர்களைக் கூப்பிட்டாள். பெட்டி முடிந்துவிட்டது. வெறும் பெட்டியைக் குப்பையில் போடச் சொன்னேன். ஜூட் போடவில்லை. ரெயினில் மடியில் வைத்திருந்தான், விமானத்திலும் வைத்திருந்தான். இப்போது அது இங்கே குசினி அலுமாரியில் இருக்கிறது. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற உன் ஆண்டுப் பூசை அன்று அரிசி மா வறுத்து, பயறு அவித்து, என் கையாலேயே கொழுக்கட்டை பிடித்து, இங்கேயுள்ள போலந்துக்காரர் கோயில் வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பாவம் அந்தச் சனம், ஒருமுறையாவது ஒழுங்கான ஒன்றைச் சாப்பிடட்டும். ஓரம் மடிக்க எனக்கு வராது. அதை ஜூட் நிரோஷாவிடம் பழகிக்கொண்டிருக்கிறான். இப்போதைக்கு அவன் மடிப்பது எல்லாம் பியரோகி மாதிரித்தான் வருகிறது.

இப்படிக்கு,
இந்தப் பெயரையும் தானே எழுதுகிற உன்ர மனுசன்,
யாக்கோப்பு